சிதம்பரத்துக்கு நான்கு பேர்

1

நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வருகிறவர்களை இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அயர்லாந்தின் தெற்கே இருக்கிறது இந்த கார்க் நகரம். நான் நர்ஸாக இருக்கும் வார்டில் அன்றைக்குப் பாதிக் கட்டில்களில் அதே கறுப்புக் கறையைப் பார்க்கலாம். இந்த வருடம் ஒரு கிழவர், நான் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது, “இன்று யாருக்காக வேண்டிக்கொண்டாய்?” என்று கேட்டார்.

“என் அண்ணனுக்காக.”

“உடம்பு சரியில்லையா?”

“உடம்பு நன்றாக இருக்கிறது. என்னோடு பேசுவதில்லை.”

கிழவர் சிரித்தார். “என் தம்பியும் அப்படித்தான். அவன் என்னோடு பேசி முப்பது வருடம் ஆகிறது. எதற்காகச் சண்டை என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் இதே சாம்பல் புதனன்று நான் கடலூரில் இருந்தேன். மஞ்சக்குப்பம் வீட்டிலிருந்து ஒன்றாக நடந்து, கோயிலில் ஒரே பெஞ்சில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் சண்டையின் காரணம் எனக்கு மறக்கவில்லை. மறப்பதற்கு முன்னால் எழுதி வைக்கிறேன்.

2

இங்கே எனக்கு இரண்டு தோழிகள். பெர்னி அப்போது எங்கள் வார்டின் மூத்த சிஸ்டர். இந்த ஊர்க்காரி, ஓய்வு பெறும் வயது. என்னைவிடப் பதினைந்து வயதாவது பெரியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருடம் பிடித்தது. “மேடம்” என்பேன், அவள் பின்னால் திரும்பி வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று தேடுவாள். இன்னொருத்தி மரிசோல், பிலிப்பைன்ஸ்காரி. 2004இல் நானும் அவளும் ஒரே வாரத்தில் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம்.

வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் மூவரும் வீட்டையும் பிள்ளைகளையும் கணவன்மார்கள் தலையில் கட்டிவிட்டு மூன்று நாள் ஏதாவது ஒரு நகரத்துக்குக் கிளம்பிவிடுவோம். முதலில் பிராக், பிறகு லிஸ்பன். மாதக்கணக்கில் கேன்டீன் மேஜையில் திட்டம் நடக்கும். பெர்னிக்குப் பகல் வேண்டும். கோட்டை, பழைய கோயில், கல்லறைத் தோட்டம், யாரை எங்கே தூக்கிலிட்டார்கள் என்ற விவரம். மரிசோலுக்குப் பகலைப் பற்றிக் கவலையே இல்லை. “செத்தவர்களை நாம் வேலையில் பார்க்கிறோம், ராத்திரி எங்கே பாட்டு, எங்கே ஆட்டம், அதைச் சொல்” என்பாள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நேர அட்டவணை போடுவது என் வேலை. எட்டு மணிக்கு மேல் வெளியில் இருப்பதே கடலூர்ப் பெண்ணான எனக்குச் சரித்திரச் சம்பவம்தான். ஆனால் லிஸ்பனில், ஏற்றமான ஒரு கல்தெருவில், பாட்டு நடக்கும் சின்னக் கடையிலிருந்து மூவரும் கைகோத்துக்கொண்டு இறங்கி வந்தபோது, இதற்காகத்தான் இத்தனை வருடம் உழைத்தேனோ என்று தோன்றியது.

இதில் ஒரு தொல்லை உண்டு. பெர்னி பாஸ்போர்ட்டைப் பைக்குள் போட்டால் பயணம் தயார். எனக்கும் மரிசோலுக்கும் ஒவ்வொரு முறையும் விசா வேண்டும். அதற்கு டப்ளின் போக வேண்டும், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வார்டிலிருந்து கடிதம் எல்லாம் கொடுக்க வேண்டும். ஒருமுறை கவுன்ட்டரில், எதற்குப் போகிறாய் என்று கேட்டதற்கு, “ஃபார் டேன்ஸிங்” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சம்பளத்துக்கு ஆடுவதற்கா என்று கேட்டாள். மரிசோல் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தாள்.

2010இல் விசா நேரத்துக்கு வரவில்லை. ஏதோ ஒரு காகிதத்தில் முத்திரை இல்லையாம். விமான டிக்கெட் வீணாகிப்போன அன்று பெர்னி கேன்டீனில் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்: “உனக்கு விசா தேவைப்படாத ஊர் உலகத்தில் எது?”

“கடலூர்” என்றேன், விளையாட்டாக.

“அங்கே போவோம்” என்றாள் அவள், விளையாட்டில்லாமல்.

3

இந்திய விசா விண்ணப்பத்தை பெர்னி பூர்த்தி செய்த நாள் என் வாழ்க்கையின் இனிய நாட்களில் ஒன்று. இதுவரை எந்த நாட்டிடமும் எதையும் கேட்டு நிற்காதவள். அப்பா பிறந்த ஊர் எது, அம்மா பிறந்த ஊர் எது, மதம் எது என்று ஒவ்வொரு கேள்விக்கும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினாள். கடைசியில், “என் உடம்பில் இருக்கும் அடையாளம் உங்கள் அரசாங்கத்துக்கு எதற்கு?” என்று கத்தினாள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடச் சான்றிதழிலேயே ஆளுக்கு இரண்டு மச்சம் எழுதி வைப்பார்கள் என்று விளக்கினேன். மரிசோல், “இப்போது தெரிகிறதா?” என்று மட்டும் கேட்டாள்.

என் மகள் ஷெரினுக்கு அப்போது பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற காலம் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. கடலூரில் பகலில் சரித்திரம், ராத்திரியில் கொண்டாட்டம் என்று நாங்கள் அட்டவணை போடுவதைப் பார்த்துவிட்டு, “மம்மி, அந்த ஊரில் ராத்திரி கரண்டே இருக்காது என்று நீதானே சொல்வாய்?” என்றாள். கூட வருகிறாயா என்றேன். பரீட்சை என்றாள். போனில் அத்தையோடு, அதாவது என் அண்ணியோடு, ஒரு வார்த்தை பேசு என்று கொடுத்தால் “ம்”, “ம்” என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், சர்ச்சின் பங்குப் பேரவையிலும் பொறுப்பு.

“மூணு பொம்பளைங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து பாக்கறதுக்கு இங்க என்னா இருக்கு? வேளாங்கண்ணிக்குப் போங்க. வண்டி நான் சொல்றேன்.”

“சாயந்திரத்துல என்னாண்ணே பண்றது?”

“சாயந்திரத்துல என்னா பண்ணுவாங்க? வீட்ல இருந்து டிவி பாருங்க.”

அப்போது பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. அண்ணன் போனைக் கொடுத்தார்.

“சிதம்பரத்துல நாட்டியாஞ்சலி அந்த வாரந்தான் வருது. கோயிலுக்குள்ளயே மேட போட்டு ராத்திரி வரைக்கும் ஆடுவாங்க. உங்க ஃப்ரெண்ட்ஸுக்குப் பிடிக்குங்க” என்றார் அண்ணி.

பழைய கோயில், ராத்திரி ஆட்டம். பெர்னிக்கும் மரிசோலுக்கும் ஒரே இடத்தில் வேண்டியது கிடைத்துவிட்டது. சிதம்பரத்தில் ஒரு இரவு தங்குவது என்று முடிவு செய்தோம்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயர் லூர்து. ஆறாம் வகுப்பிலிருந்து கான்வென்ட்டில் எனக்குப் பக்கத்து இடம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சைக்கிளில் வருவாள், இருவரும் சேர்ந்து சுற்றாத தெரு இல்லை. ஆங்கிலத்தில் எப்போதும் என்னைவிட அதிக மார்க். நான் நர்ஸிங் முடித்த வருடம் அவளை அண்ணனுக்குப் பெண் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கல்யாணத்துக்கு மறுநாள் “என்னாடி” என்று அவளைக் கூப்பிட்டேன். அம்மா என்னைத் தனியாக அழைத்துப் போய், “இனிமே அவ ஒனக்கு அண்ணி. வாடி போடின்னா பாக்கறவங்க என்னா நினைப்பாங்க?” என்றார். முதலில் கேலியாகத்தான் “அண்ணி, வாங்க” என்றேன். அவளும் கேலியாக “சொல்லுங்க” என்றாள். கேலி எந்த நாளில் நின்றது, மரியாதை எந்த நாளில் தொடங்கியது என்று இருவருக்கும் தெரியாது.

4

அண்ணன் விருந்தாளிகளைக் கவனித்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் அவரே வஞ்சிரம் வாங்கி வந்தார். பெர்னிக்குப் பங்குக் கோயிலைச் சுற்றிக் காட்டினார். முதல் நாள் தேவனாம்பட்டினம் கோட்டைக்குப் போனோம். கோட்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இடிந்த சுவர்களும் செடிகளும்தான். பெர்னி ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்தாள். இந்தக் கோட்டையை ஆங்கிலேயர்களுக்கு விற்றபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சாம். அதற்காகவே தூரமாகச் சுடும் பீரங்கியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சுட்டார்களாம். எல்லாம் அவள் கார்க்கில் உட்கார்ந்து படித்தது. குண்டு சாலையில் தினமும் சைக்கிள் ஓட்டிய நான், அது ஏன் குண்டு சாலை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் மரிசோல் அண்ணியிடம், “நாளை நீயும் வருகிறாய்தானே?” என்று கேட்டாள். அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஆங்கிலத்தில், “ஷி டஸ் நாட் லைக் டிராவல்” என்று சொல்லிவிட்டு மீனைப் பரிமாறினார்.

சமையலறையில் நான் கேட்டேன். “அண்ணி, வர்றீங்களா?”

“அதான் உங்கண்ணன் சொல்லிட்டாரே, எனக்குப் பிடிக்காதுன்னு.” பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “இத்தினி வருஷமா எனக்கே தெரியாம இருந்துருக்கு பாருங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பயணத்துக்கு எத்தனை பேர் என்று கேன்டீனில் கணக்குப் போட்டபோது எனக்கு அவள் ஞாபகமே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

காலையில் வாடகைக் கார் வந்து நின்றது. பெர்னியும் மரிசோலும் ஏறிவிட்டார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அண்ணி மாம்பழக் கலர் சேலையில், கையில் ஒரு பையோடு வந்தாள்.

“எங்க கெளம்பிட்ட?” என்றார் அண்ணன்.

“சிதம்பரத்துக்கு.”

“அவுங்க ராத்திரி தங்கறாங்க.”

“தெரியும். கொழம்பு வச்சிட்டேன். சாதம் மட்டும் குக்கர்ல வச்சிக்குங்க. மூணு விசிலு.”

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் பக்கம் திரும்பிக் கெஞ்சுகிற குரலில் பேசினார். “ஸ்டெல்லா, நீ சொல்லு அவகிட்ட. அடுத்த வாரம் தவக்காலம் ஆரம்பிக்குது. நான் பங்குல பொறுப்புல இருக்கறவன். என் பொண்டாட்டி லாட்ஜ்ல தங்கி ராத்திரில டான்ஸ் பாத்துட்டு வந்தான்னா என்னா பேசுவாங்க?”

இந்த அண்ணன்தான் நர்ஸிங் சேரும்போது என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நடந்தவர். நான் வெளிநாடு போன நாளில் விமானம் கிளம்பிய பிறகும் விமான நிலையத்துக்கு வெளியே வெகுநேரம் நின்றாராம். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. காரின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லூர்து, வாடி. நேரமாவுது” என்றேன்.

அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று.

“அண்ணியவா டி போட்டுக் கூப்புடற?”

“என் ஃப்ரெண்டக் கூப்புடறேண்ணே. உங்க கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே அவ என் ஃப்ரெண்டு.”

அவர் உள்ளே போய்விட்டார். கதவைக்கூட அறையவில்லை, மெதுவாகச் சாத்தினார்.

5

ஆலப்பாக்கம் தாண்டும் வரை லூர்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: “இன்னொரு தடவ கூப்புடு.”

“என்னாடி?”

“ஆங். அதான்.”

பின் சீட்டிலிருந்து மரிசோல், என்ன என்ன என்று கேட்டாள். ‘டி’ என்ற ஒரு எழுத்தில் இருப்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? லூர்துவே சொன்னாள். “இவள் எனக்கு நாத்தனார். இன்று காலையிலிருந்து மறுபடியும் தோழி.” அவள் ஆங்கிலம் பேசி நான் கேட்டு எத்தனையோ வருடம். பெர்னி ஒரு சாக்லேட்டை உடைத்து எங்கள் இருவருக்கும் கொடுத்தாள். தவக்காலத்துக்கு முன்னால் தீர்த்துவிட வேண்டுமாம். அவர்கள் ஊரில் சாம்பல் புதனுக்கு முந்தின நாட்களில் வயிறு நிறையச் சாப்பிடுவதும், மரிசோலுக்குத் தெரிந்த ஊர்களில் ஆடித் தீர்ப்பதும்தான் வழக்கமாம். “உன் கணவரிடம் சொல், நாம்தான் முறைப்படி நடந்துகொள்கிறோம்” என்றாள் மரிசோல். லூர்து சிரித்தாள், உடனே முகம் வாடிப்போனாள். “பாவம், சாதம் வச்சாரோ இல்லியோ” என்றாள் என்னிடம்.

கோயிலில் பெர்னி கோபுர வாசலை விட்டு நகரவே இல்லை. வாசலின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ் வரை ஆடும் பெண்கள், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நிலையில். கல்லில் ஆட்டம் என்றதும் மரிசோலுக்கும் முதல்முறையாகச் சரித்திரத்தில் அக்கறை வந்துவிட்டது. காலைத் தூக்கியிருக்கும் ஒரு சிற்பத்தைப் போல நிற்கப் பார்த்துத் தடுமாறினாள். மத்தியானம் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சுவும் சாப்பிட்டுவிட்டு, சாயந்திரம் மேடைக்கு எதிரே தரையில் இடம்பிடித்து உட்கார்ந்தோம்.

ஒரு குழு முடிந்தால் அடுத்த குழு. குழந்தைகள் மடியில் தூங்க, தாய்மார்கள் தாளம் போட்டார்கள். நடுவில் லூர்துவின் போன் அடித்தது. அண்ணன். லூர்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எடுத்து, “என்னாங்க? ஒண்ணும் கேக்கல, இங்க சத்தமா இருக்கு” என்றாள். அவர் ஏதோ சொன்னார். லூர்து போனை மேடைப் பக்கமாக நீட்டினாள். சலங்கையும் மிருதங்கமும் அதற்குள் போயின. கை வலிக்கும் வரை நீட்டிக்கொண்டிருந்தாள். திரும்பக் காதில் வைத்தபோது அவர் வைத்துவிட்டிருந்தார். எப்போது வைத்தார் என்று தெரியவில்லை.

லாட்ஜ் கீழ வீதியில். நான்கு பேருக்கும் ஒரே பெரிய அறை. மரிசோல் இன்னும் அடங்கவில்லை. “எல்லாரும் ஆடினார்கள், நாம் மட்டும் உட்கார்ந்தே இருந்தோம்” என்றாள். அப்போது லூர்து, நாங்கள் பள்ளி ஆண்டு விழாவில் கோலாட்டம் ஆடியதைச் சொன்னாள். கோல் இல்லை. ஆளுக்கொரு சீப்பும் டூத் பிரஷும் எடுத்துக்கொண்டோம். எனக்கு அடவு மறந்துபோயிருந்தது. லூர்து ஒன்றையும் மறக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “குனி, தட்டு, திரும்பு” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தாள். பெர்னி ஒவ்வொரு முறையும் தப்பான பக்கம் திரும்பி என் நெற்றியில் இடித்தாள். வேகம் ஏறியது. பாட்டுக்குப் பதில் எங்கள் சிரிப்புதான். கீழேயிருந்து மேனேஜர் போன் செய்து, “மேடம், கீழ் ரூம்ல தூங்க முடியலன்னு சொல்றாங்க” என்றார். மரிசோல் கேமராவை மேஜை மேல் வைத்து எடுத்த படத்தில் லூர்துவின் ஒரு கால் தரையிலேயே இல்லை.

6

மறுநாள் திரும்பி வந்தபோது குழம்பு அப்படியே இருந்தது. அண்ணன் ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறார். விருந்தாளிகளிடம் முன்போலவே சிரித்துப் பேசினார். என்னிடம் பேசவில்லை. தோழிகள் புறப்பட்டுப் போன பிறகும் ஒரு வாரம் அந்த வீட்டில் இருந்தேன். “சாப்ட்டாளான்னு கேளு” என்று லூர்துவிடம் சொல்வார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

கார்க் வந்த பிறகும் அப்படித்தான். போன் எடுப்பார், என் குரல் கேட்டதும் லூர்துவிடம் கொடுத்துவிடுவார். அதனால் ஒன்று நடந்தது. முன்பெல்லாம் அண்ணனோடு பேசி முடித்துக் கடைசியில் அண்ணியிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். இப்போது ஞாயிறுதோறும் நானும் லூர்துவும் ஒரு மணி நேரம் பேசினோம். ஷெரின் ஒருநாள் சிதம்பரத்தில் எடுத்த அந்தப் படத்தில் லூர்துவைப் பார்த்துவிட்டு, “இது யார், உன் ஃப்ரெண்டா?” என்றாள். அத்தை என்றேன். “அத்தையா? அவங்களுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா?” என்றாள். தமிழில்தான் கேட்டாள். அடுத்த ஞாயிறு அவளாக வந்து போனை வாங்கிக்கொண்டாள். ‘ம்’ மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுக்கவில்லை.

லூர்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரருக்கு அண்ணன் காபி கொடுத்தாராம், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாராம், வேறொன்றும் பேசவில்லையாம். பாஸ்போர்ட் வந்தது. இங்கே வருவதற்கு விசா கேட்டோம். இந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம் பதில் வந்தது. கிடைக்கவில்லை. லூர்து அந்தக் கடிதத்தை அண்ணனுக்குத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறாள்.

“நான் ஊருக்குத் திரும்பி வருவேன்னு நம்பறதுக்குக் காரணம் பத்தலையாம்டி. அப்பிடித்தான் போட்டுருக்கு” என்று என்னிடம் சொன்னாள்.

“அண்ணன் என்னா சொன்னாரு?”

“பேப்பர வாங்கி அவரே ஒரு தடவ படிச்சாரு. அப்பறம், ‘அப்ளிகேஷன்ல என் பேர எழுதினியா இல்லியா?’ன்னு கேட்டாரு. எழுதினேன்னு சொன்னேன். ‘அப்பிடி இருந்துமா?’ன்னாரு. ராத்திரி சரியா சாப்புடல.”

கேன்டீனில் சொன்னேன். பெர்னி இப்போது ஓய்வு பெற்றுவிட்டாலும் திட்டம் போடுவதற்கு மட்டும் தவறாமல் வருகிறாள். மரிசோல் கம்ப்யூட்டரில் தேடி, காத்மாண்டு என்றாள். லூர்துவுக்கும் எனக்கும் விசாவே வேண்டாம், அவர்கள் இருவருக்கும் அங்கே போய் இறங்கியதும் கிடைக்கும். பெர்னிக்குப் பழைய அரண்மனைகளும் கோயில்களும் இருக்கின்றன. மரிசோலுக்குப் பாட்டுக் கடைகள் நிறைந்த ஒரு தெருவே இருக்கிறதாம். அக்டோபரில் போகிறோம். லூர்து டில்லி வரை ரயிலில் வருகிறேன் என்கிறாள்.

போன ஞாயிறு டிக்கெட் விவரம் சொல்வதற்காக அழைத்தேன். அண்ணன் எடுத்தார். வழக்கம்போல லூர்துவிடம் கொடுப்பார் என்று காத்திருந்தேன். கொடுக்கவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“ஸ்டெல்லா.”

“அண்ணே.”

“அங்க அவகூடவே நீ இருப்ப இல்ல?”

“இருப்பேண்ணே.”

“ராத்திரி எத்தினி மணி வரைக்கும் வெளிய இருப்பீங்க?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “தெரியாதுண்ணே” என்றேன்.

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

“சரி” என்றார். “அவளுக்கு முட்டி வலி ஜாஸ்தியா இருக்கு. சிதம்பரத்துலேர்ந்து வந்தும் ரெண்டு நாளு எண்ண தடவிக்கிட்டு இருந்தா. ரொம்ப நேரம் ஆட விடாத.”